திங்கட்கிழமை வயிற்று வலி!

ஞாயிறு ராத்திரி வரை ஓடியாடி விளையாடிய பையன், திங்கள் காலை யூனிஃபார்மை மாட்டியதும் "அம்மா... வயித்தை வலிக்குது" என்கிறான். ஓமத் தண்ணீர் கொடுக்கிறீர்கள். டாக்டரிடம் அழைத்துப் போனால், வயிற்றை அமுக்கிப் பார்த்துவிட்டு "ஒண்ணுமில்லையே" என்கிறார். அடுத்த திங்களும் அதே வலி. "படிக்கச் சோம்பல்பட்டுக்கிட்டு நடிக்கிறான்" என்று அப்பா ஓர் அதட்டல் போடுகிறார். வலி நின்றுவிடுகிறது. அதாவது, பையன் சொல்வதை நிறுத்திவிடுகிறான்!

வயிற்று வலி, தலைவலி, தூக்கத்தில் திடுக்கிட்டு எழுவது, எப்போதோ நின்றுபோன படுக்கை நனைக்கும் பழக்கம் மறுபடி தலைகாட்டுவது... இவற்றுக்கு ஆயிரம் காரணம் இருக்கலாம். ஆனால் ஸ்கூல் நாட்களில் மட்டும் வந்து, லீவு விட்டதும் காணாமல் போகிறது என்றால், அங்கே யாராவது குழந்தையைப் படுத்துகிறார்களா என்றும் கொஞ்சம் யோசியுங்கள். டிபன் பாக்ஸ் காலியாகத்தான் வருகிறது, பையனோ அகோரப் பசியோடு வருகிறான். பேனாவும் ஜியாமெட்ரி பாக்ஸும் அடிக்கடி 'தொலைந்து' போகின்றன. பெண் குழந்தை நாள் முழுக்க அடக்கி வைத்திருந்து, வீட்டுக்குள் நுழைந்ததும் பாத்ரூமுக்கு ஓடுகிறாள். டீச்சர் கண் படாத இடம் அதுதானே!

சண்டை வேறு, இது வேறு

சம பலமுள்ள இரண்டு பேர் இன்று சட்டையைப் பிடித்துக்கொண்டு, நாளை சேர்ந்து கிரிக்கெட் ஆடினால் அது சண்டை. ஒருத்தனையே குறிவைத்து, அவனால் திருப்பிக் கொடுக்க முடியாது என்று தெரிந்தே, திரும்பத் திரும்பச் செய்தால் அது கொடுமை. 'புல்லியிங்' என்று ஆங்கிலத்தில் சொல்வது இதைத்தான். அடி உதை மட்டும் இல்லை. பட்டப்பெயர், "அவகூட யாரும் பேசாதீங்கடி" என்கிற ஒதுக்கல், இப்போது வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு கேலிப் படம், எல்லாமே இதில் சேர்த்தி.

இதை முதலில் ஆராய்ந்தவர்களில் முக்கியமானவர் டான் ஓல்வியஸ். ஸ்வீடனில் பிறந்து நார்வேயில் பணியாற்றிய மனவியல் பேராசிரியர். 1982-ன் கடைசியில், வட நார்வேயில் பத்திலிருந்து பதினாலு வயதுக்குள் மூன்று பையன்கள் தற்கொலை செய்துகொண்டார்கள். கூடப் படித்தவர்களின் கொடுமைதான் காரணமாக இருக்க வேண்டும் என்று செய்தி வர, நாடே ஆடிப்போயிற்று. அடுத்த வருஷமே அரசாங்கம் நாடு தழுவிய இயக்கம் தொடங்கியது. அப்போது எடுத்த கணக்கில், பள்ளிப் பிள்ளைகளில் நூற்றுக்குப் பதினைந்து பேர் கொடுமைக்கு ஆளானவர்களாகவோ, செய்தவர்களாகவோ இருந்தார்கள்.

பெர்கன் நகரில் 42 பள்ளிகள், சுமார் 2,500 பிள்ளைகள். அங்கே ஓல்வியஸ் சொன்ன வைத்தியம், 'அந்தப் பையனைக் கூப்பிட்டு நாலு சாத்து சாத்துங்கள்' என்பது இல்லை. பள்ளி மொத்தத்துக்கும் வைத்தியம்! முதலில் பேர் போடாமல் பிள்ளைகளிடமே எழுதி வாங்கினார்கள். இடைவேளையிலும் சாப்பாட்டு நேரத்திலும் மைதானத்தில் பெரியவர்கள் நின்றார்கள். ஒவ்வொரு வகுப்பிலும் விதிகள்: யாரையும் கொடுமைப்படுத்த மாட்டோம், அப்படி மாட்டிக்கொண்டவருக்கு உதவுவோம், தனியாக நிற்பவரைச் சேர்த்துக்கொள்வோம். அடிக்கடி வகுப்புக் கூட்டம். இரு தரப்புப் பெற்றோரோடும் பேச்சு. எட்டு மாதம் கழித்தும், இருபது மாதம் கழித்தும் பிள்ளைகளிடம் கேட்டபோது, கொடுமை பாதிக்குப் பாதியாகக் குறைந்திருந்தது. கிளாஸுக்கு மட்டம் போடுவதும் திருட்டும்கூடக் குறைந்தன.

அதே நார்வேயில், ரோகலன் வட்டாரத்துப் பள்ளிகளுக்கும் அதே கையேடும் வீடியோவும் போயிருந்தன. மூன்று வருஷம் கழித்துப் பார்த்தால் நிலைமை தேறவில்லை! அங்கே ஆசிரியர்களுக்குக் கூடவே இருந்து வழிகாட்ட ஆளில்லை. நோட்டீஸ் போர்டில் போஸ்டர் ஒட்டிவிட்டு 'எங்க ஸ்கூல்ல அதெல்லாம் கிடையாது' என்கிற நிர்வாகங்கள் இதைக் கொஞ்சம் கவனிக்கலாம்.

வேடிக்கை பார்க்கிறவன் கையில்...

இன்னொரு சுவாரசியமான விஷயம். கொடுமை செய்கிறவனுக்குப் பார்வையாளர்கள் வேண்டும். கனடாவின் டொரான்டோவில் பள்ளி மைதானங்களை வீடியோ எடுத்துப் பார்த்த ஆய்வு ஒன்று 2001-ல் வெளிவந்தது. யாராவது ஒரு பிள்ளை குறுக்கே வந்து தடுத்தபோது, பாதிக்கு மேற்பட்ட தடவை பத்தே விநாடியில் கொடுமை நின்றுவிட்டதாம். ஆனால் தடுக்க வந்தவர்கள் குறைவு. பின்லாந்தில் டுர்க்கு பல்கலைக்கழகத்தார் உருவாக்கிய 'கிவா' திட்டம், வேடிக்கை பார்க்கும் இந்தக் கூட்டத்தை மாற்றுவதைத்தான் குறியாக வைத்திருக்கிறது.

"சின்னப் பசங்க, எல்லாம் தானா சரியாயிடும்" என்கிறவர்களுக்கு ஒரு செய்தி. பிரிட்டனில் 1958-ல் பிறந்தவர்களைத் தொடர்ந்து கவனித்து வருகிறார்கள். ஏழு வயதிலும் பதினோரு வயதிலும் அடிக்கடி கொடுமைக்கு ஆளானவர்களிடம், ஐம்பது வயதிலும் மனச்சோர்வும் பதற்றமும் மற்றவர்களைவிட அதிகமாகவே இருந்தன என்று 2014-ல் தெரிய வந்தது.

நம் ஊரில் இது வெறும் கேலியோடு நிற்பதில்லை. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு மாணவனையும் தடுக்க வந்த தங்கையையும் வீடு புகுந்து வெட்டியவர்கள் கூடப் படித்தவர்களே. சாதி சொல்லிச் சீண்டியதைப் பற்றிப் பள்ளியில் சொன்னதுதான் அவன் செய்த 'குற்றம்'. சொன்ன பிள்ளைக்கு என்ன பாதுகாப்பு என்பதைப் பள்ளி முன்கூட்டியே யோசிக்காவிட்டால், அடுத்த பிள்ளை எப்படி வாய் திறக்கும்?

வீட்டில்?

"யாராவது உன்னை அடிக்கிறாங்களா?" என்று நேராகக் கேட்டால் "இல்லையே" என்றுதான் பதில் வரும். "இன்டர்வெல்ல யார்கூட இருந்தே? பஸ்ல பக்கத்துல யாரு?" என்று சாதாரணமாக, சாதம் பிசைந்து போடும்போது கேளுங்கள். சொல்ல ஆரம்பித்தால் நடுவில் வெடிக்காதீர்கள். "நீ சொன்னது நல்லதாப் போச்சு" என்பதுதான் முதல் மருந்து.

"நீயும் ரெண்டு போட்டுட்டு வா" என்பது நம் அப்பாக்களின் பிரியமான யோசனை. முடிந்தால் அவன் போட்டிருக்க மாட்டானா? திருப்பி அடித்து மாட்டிக்கொண்டால், தண்டனையும் அவனுக்குத்தான். அதைவிட, எந்த டீச்சரிடம் என்ன வார்த்தையில் சொல்வது என்று வீட்டிலேயே இரண்டு தடவை பேசிப் பார்க்கச் சொல்லலாம். மனசுக்குத் தெம்பு தருவது பெரும்பாலும் ஒரு நல்ல சிநேகிதம்தான். வகுப்பில் அமையாவிட்டால் தெருவில், நீச்சல் கிளாஸில், சித்தப்பா வீட்டில் கிடைக்கட்டும்.

உங்கள் பிள்ளைதான் படுத்துகிறான் என்று புகார் வந்தால்? "எம் புள்ளை அப்படிப்பட்டவன் இல்லை" என்று மிஸ்ஸிடம் சண்டைக்குப் போகாதீர்கள். பெல்ட்டையும் எடுக்காதீர்கள். பலமுள்ளவன் அடிக்கலாம் என்பதைத்தான் அது மறுபடி சொல்லிக்கொடுக்கும். செய்ததை நிறுத்தச் சொல்லுங்கள், எடுத்ததைத் திருப்பிக் கொடுக்கச் சொல்லுங்கள், வாராவாரம் வகுப்பாசிரியரிடம் விசாரியுங்கள்.

புகாரைத் தேதி போட்டு எழுதிக் கொடுத்து, ஒரு பிரதியை வைத்துக்கொள்ளுங்கள். பள்ளி அசையாவிட்டாலோ, குழந்தைக்கு ஆபத்து என்று பட்டாலோ 1098 என்ற இலவச எண்ணை எந்நேரமும் அழைக்கலாம். 'செத்துப் போகணும் போல இருக்கு' என்று குழந்தை ஒரு தடவை சொன்னாலும், விளையாட்டாக எடுத்துக்கொள்ளாமல் அன்றே மனநல டாக்டரிடம் அழைத்துப் போங்கள்.

அடுத்த பேரன்ட்ஸ் மீட்டிங்கில் மார்க்கைப் பற்றிக் கேட்டு முடித்ததும் இன்னும் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "சாப்பாட்டு நேரத்துல பின்பக்கக் குழாயடியில யாருங்க டியூட்டி?"