ரப்பருக்கு இழுவிசை எங்கிருந்து வருகிறது?

அகலமான ரப்பர் வளையம் ஒன்றை எடுத்து, சட்டென்று இழுத்து, இழுத்தபடியே உதட்டில் வைத்துப் பாருங்கள். (முகத்தில் அறைந்துவிடாதபடி கவனம்!) இலேசான வெதுவெதுப்புத் தெரிகிறதல்லவா? சிறிது நேரம் அப்படியே பிடித்திருந்துவிட்டு, தளரவிட்டு மீண்டும் உதட்டில் வையுங்கள். இப்போது குளிர்ச்சி தெரியும். இதை 1805-ஆம் ஆண்டில் எழுதி வைத்தவர் இங்கிலாந்தைச் சேர்ந்த ஜான் காஃப். அவர் கண்பார்வையற்றவர், உதடே அவருக்கு வெப்பமானி.

இன்னொரு சோதனை. வளையம் இரண்டு, மூன்று மடங்கு நீளும்படி அதில் ஓர் எடையைத் தொங்கவிட்டு, வளையத்தின் மீது வெந்நீர் ஊற்றுங்கள். இரும்புக் கம்பியாயிருந்தால் சூட்டில் நீளும். ரப்பரோ சுருங்கி எடையை மேலே தூக்குகிறது! ஏன்?

ரப்பர் ஒரு பல்படி, அதாவது பாலிமர். 5 கார்பன் அணுக்களும் 8 ஹைட்ரஜன் அணுக்களும் கொண்ட ஐசோபிரீன் என்னும் சிறு அலகு ஆயிரக்கணக்கில் இணைந்த சங்கிலிதான் ரப்பரின் மூலக்கூறு. இவ்வளவு நீண்ட மூலக்கூறுகள் உண்டு என்று ஜெர்மானியர் ஹெர்மன் ஸ்டாடிங்கர் 1920-இல் கூறியபோது வேதியியலார் பலர் நம்பவில்லை. சிறு மூலக்கூறுகளே திரளாக ஒட்டிக் கிடக்கின்றன என்று வாதிட்டனர். 1953-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

இந்தச் சங்கிலி நேராக நிற்பதில்லை. கார்பன் அணுக்களுக்கு இடையிலுள்ள ஒற்றைப் பிணைப்புகள் சுழலக்கூடியவை. ஆகவே வெப்பத்தால் சங்கிலி ஓயாமல் நெளிந்து, நூற்கண்டு சிக்கியதுபோல் சுருண்டு கிடக்கிறது. நாம் இழுக்கும்போது அது நிமிர்கிறது. நாம் செய்த வேலை வெப்பமாக வெளிப்படுகிறது. ஒரு கயிற்றின் முனைகளை இருவர் பிடித்திருக்க, நடுவில் சிலர் அதைப் பற்றி ஆட்டுவதாக எண்ணிக்கொள்ளுங்கள். ஆட்டம் மிகுந்தால் முனையில் இருப்பவர்கள் உள்நோக்கி இழுக்கப்படுவார்கள். சூடேற்றிய ரப்பர் சுருங்குவதும் இவ்வாறே.

சங்கிலிகள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கிச் சென்றுவிட்டால் ரப்பர் பழைய நிலைக்கு மீளாது. பச்சை ரப்பர் வெயிலில் பிசுபிசுப்பது இதனால்தான். 1839-இல் அமெரிக்கரான சார்லஸ் குட்இயர் ரப்பரைக் கந்தகத்துடன் சேர்த்துச் சூடாக்கினால் இக்குறை நீங்கும் என்று கண்டார். கந்தக அணுக்கள் சங்கிலிகளுக்கு இடையே ஆங்காங்கே பாலம் போடுகின்றன. நூறு பங்கு ரப்பருக்கு இரண்டு, மூன்று பங்கு கந்தகம் போதும். மிக அதிகமாகச் சேர்த்தால் பாலங்கள் நெருங்கி, சங்கிலிகள் நெளிய இடமின்றிப் போகும். உங்கள் பௌதிக ஆய்வுக்கூடத்தில் கம்பளியால் தேய்க்கும் எபோனைட் தண்டு அப்படிப்பட்ட ரப்பர்தான்!

நெளிவதற்கு வெப்பம் வேண்டும் என்றால், குளிரில் என்ன ஆகும்? 1986 ஜனவரி 28 அன்று அமெரிக்க விண்வெளி ஓடமான சேலஞ்சர், புறப்பட்ட 73 விநாடிகளில் சிதறி எழுவர் மாண்டனர். அன்று காலை ஏவுதளத்தில் கடுங்குளிர். ராக்கெட்டின் இணைப்பில் வாயு கசியாமல் காக்க வேண்டிய செயற்கை ரப்பர் வளையங்கள் விறைத்து, இடைவெளி விரிந்தபோது உடனே விரிந்து அதை அடைக்கவில்லை. விசாரணைக் குழுவில் இருந்த இயற்பியலறிஞர் ரிச்சர்ட் ஃபைன்மன், அந்த ரப்பர்த் துண்டு ஒன்றைப் பிடிப்பானில் நெருக்கிப் பனிநீரில் அமிழ்த்தி எடுத்து, எல்லோர் முன்னிலையிலும் பிடியைத் தளர்த்தினார். துண்டு சில விநாடிகள் வரை நசுங்கியபடியே இருந்தது.