கல்யாண மோதிரம் வாங்கப் போறீங்களா? கிராம் கணக்கோட விரல் கணக்கும் பாருங்க!



கல்யாண பட்ஜெட் போடும்போது மோதிரத்துக்கு நாம ஒதுக்குறது ஒரே ஒரு வரிதான். "அரை பவுன்ல ஒண்ணு"ன்னு எழுதிட்டு அடுத்த செலவுக்குப் போயிடுவோம். கடைக்குப் போனா எத்தனை கேரட், சேதாரம் எவ்வளவுன்னு கேட்போம். ஆனா "அவசரத்துல இதைக் கழட்ட முடியுமா? முடியலைன்னா வெட்ட முடியுமா?"ன்னு பெரும்பாலும் யாரும் கேட்கிறதில்ல. இந்தப் பதிவு அந்தக் கேள்வியைப் பத்தித்தான். அதோட பதில்ல உங்க விரலும் இருக்கு, பணமும் இருக்கு.

மோதிரத்தால அப்படி என்ன ஆயிடும்?

1. மாட்டி இழுக்கிறது. காம்பவுண்ட் கேட் ஏறி குதிக்கிறோம், வேன்ல இருந்து இறங்குறோம், மோதிரம் ஒரு கொக்கியிலயோ ஆணியிலயோ மாட்டிக்குது. அந்த நொடியில மொத்த உடம்பு எடையும் ஒரே விரல்ல இறங்கும். தோல், ரத்தக்குழாய், நரம்பு எல்லாம் உரிஞ்சு வந்துடலாம். இதை டாக்டர்கள் 'ரிங் அவல்ஷன்'னு சொல்றாங்க. அமெரிக்க டிவி தொகுப்பாளர் ஜிம்மி ஃபேலனுக்கு 2015-ல இதுதான் நடந்தது. வீட்டு சமையலறையில தரைவிரிப்பு தடுக்கி விழுந்தார், மோதிரம் மேடையில மாட்டிக்கிச்சு. விரலைக் காப்பாத்த 6 மணி நேர ஆபரேஷன், 10 நாள் ஐசியூ.

2. வீக்கம். அடிபட்டாலோ, குளவி கொட்டினாலோ, கர்ப்ப காலத்துலயோ விரல் வீங்கும். மோதிரம் விரியாது. ரத்த ஓட்டம் தடைபட்டு, நேரம் ஆக ஆக விரலுக்கே ஆபத்து.

3. பேட்டரி. நம்ம வீட்டு இன்வெர்ட்டர் பேட்டரி 12 வோல்ட்தான், ஷாக் அடிக்காதுன்னு நினைப்போம். ஷாக் அடிக்காதது உண்மைதான். ஆனா ஒரு முனைக்கும் இன்னொரு முனையில இருக்கிற ஸ்பேனருக்கும் நடுவுல மோதிரம் பட்டா, ஷார்ட் ஆகி பல நூறு ஆம்பியர் கரண்ட் அது வழியா பாயும். மோதிரம் நொடியில பழுத்துடும், விரலைச் சுத்தி வளையம் மாதிரி தீக்காயம் வரும்.

4. அலர்ஜி. மோதிரம் போட்ட இடத்துல அரிப்பு, சிவப்பு தட்டினா நிக்கல் காரணமா இருக்கலாம். கவரிங் நகையிலயும் சில ஒயிட் கோல்டுலயும் நிக்கல் கலந்திருக்கும். ஒயிட் கோல்டு வாங்கினா நிக்கலா, பல்லேடியமான்னு கேட்டு வாங்குங்க.

எந்த உலோகம் நல்லது?

* தங்கம், வெள்ளி: மென்மையான உலோகம். ஆஸ்பத்திரியில இருக்கிற சாதாரண ரிங் கட்டராலயே வெட்டிடலாம். சைஸ் மாத்தவும் முடியும்.
* பிளாட்டினம்: வெட்டலாம், ஆனா தங்கத்தை விட கொஞ்சம் நேரம் பிடிக்கும்.
* டைட்டானியம்: லேசா இருக்கும், அலர்ஜி ரொம்ப அபூர்வம். ஆனா கையால சுத்துற கட்டர் திணறும், மோட்டார் கட்டர் மாதிரி கருவி வேணும். சைஸ் மாத்துறதும் கஷ்டம்.
* டங்ஸ்டன் கார்பைடு: ஆன்லைன்ல கறுப்பு கலர்ல ஸ்டைலா வருதே, அதுல பல இந்த ரகம்தான். கீறல் விழாது, ஆனா சாதாரண கட்டராலயும் வெட்ட முடியாது. "அப்போ கழட்டவே முடியாதா?"ன்னா முடியும். லாக்கிங் பிளையர்ல பிடிச்சு கொஞ்சம் கொஞ்சமா இறுக்கினா விரிசல் விட்டு உடையும். பழக்கமுள்ளவங்க செய்யணும். சைஸ் மாத்த வழியே இல்ல, திருப்பி வித்தாலும் ஒண்ணும் தேறாது.

இப்போ பணக் கணக்கு

விரல் வீங்கி ஆஸ்பத்திரிக்குப் போறவங்கள்ல நிறைய பேர் "வெட்டாதீங்க, கல்யாண மோதிரம், தங்கம்"னு தயங்குவாங்க. நேரம் போறது அங்கதான். உண்மையில எவ்வளவு நஷ்டம்னு பார்த்துடலாம்.

கணக்குக்கு ஈஸியா கிராம் 10,000 ரூபாய்னு வெச்சுக்குவோம். 4 கிராம் மோதிரம் 40,000. சேதாரம் 12 சதவீதம்னா 4,800. ரெண்டும் சேர்த்து 44,800. அதுக்கு 3 சதவீதம் ஜிஎஸ்டி 1,344. மொத்தம் 46,144 ரூபாய்.

இந்த மோதிரத்தை வெட்டினா என்ன போகும்? பிளேடு பட்ட இடத்துல துளி தங்கத்தூள். அவ்வளவுதான். 4 கிராம் கிட்டத்தட்ட அப்படியே கையில இருக்கும். ஆசாரிகிட்ட கொடுத்தா பத்த வெச்சு, சைஸும் சரி பண்ணிக் கொடுத்துடுவார். சேதாரமும் ஜிஎஸ்டியும் வாங்கின அன்னைக்கே போன காசு, வெட்டினதால புதுசா போகல.

விரல் பக்கம் பாருங்க. ஆபீஸ் குரூப் இன்சூரன்ஸ் ஆபரேஷன் பில்லைக் கட்டலாம். ஆனா லீவு, பிசியோதெரபி, கீபோர்டு அடிக்க முடியாத மாசங்கள்? பர்சனல் ஆக்சிடென்ட் பாலிசி இருந்தாலும், ஒரு விரல் போனா மொத்த கவரேஜ்ல ஒரு சின்ன சதவீதம்தான் பொதுவா கிடைக்கும். மோதிரத்தைப் பத்த வெச்சுடலாம், விரலை அப்படி முடியாது.

கடையில என்ன பார்க்கணும்?

* காலையில ஏசி ஷோரூம்ல மட்டும் அளவு கொடுக்காதீங்க. சாயங்காலமும் வெயில் காலத்துலயும் விரல் கொஞ்சம் பருத்திருக்கும். முட்டியைத் தாண்டும்போது லேசா தடுக்கணும், ஆனா நீங்களே கழட்டுற மாதிரி இருக்கணும்.
* பட்டை அகலமா இருந்தா அதே சைஸே இறுக்கமாத் தெரியும். போட்டுப் பார்த்து முடிவு பண்ணுங்க.
* உயரமா தூக்கி நிக்கிற கல் எல்லாத்துலயும் மாட்டும். பிளெயின் மோதிரமோ, உள்ளே பதிச்ச கல்லோ தினசரிக்கு நல்லது. கல் வெச்சதா இருந்தா, கல் எடை கழிச்சு தங்கத்துக்கு மட்டும் விலை போட்டிருக்காங்களான்னு பில்லைப் பாருங்க.
* பிஐஎஸ் முத்திரை, தரம் (22 கேரட்னா 916, 18 கேரட்னா 750), 6 இலக்க எச்யூஐடி மூணும் இருக்கணும். அந்த எண்ணை 'பிஐஎஸ் கேர்' ஆப்ல போட்டு அங்கேயே செக் பண்ணலாம். 2 கிராமுக்குக் குறைவான நகைக்கு ஹால்மார்க் கட்டாயம் இல்ல, அதனால மெல்லிசு மோதிரம்னா இன்னும் கவனம்.

எப்போ கழட்டணும்?

ஜிம், கிரிக்கெட், வண்டி ரிப்பேர், பேட்டரி வேலை, லேத், டிரில்லிங் மெஷின், எம்ஆர்ஐ ஸ்கேன், ஆபரேஷன். பிளீச் போட்டு பாத்ரூம் கழுவும்போதும் கழட்டிடுங்க, குளோரின் தங்கத்துல கலந்த மத்த உலோகத்தை அரிக்கும். தினமும் மெஷின் பக்கம் வேலைன்னா, தங்கத்தை வீட்டுல பத்திரமா வெச்சுட்டு வெளியே போகும்போது சிலிக்கான் மோதிரம் போடலாம். பலமா இழுத்தா அது அறுந்துடும், அதுதான் அதோட நல்ல குணம். ஆனா ஓடுற மெஷின் முன்னாடி அதுவும் வேண்டாம்.

மாட்டிக்கிட்டா என்ன செய்யணும்?

1. கையில அடிபட்டா முதல் வேலை மோதிரத்தைக் கழட்டுறது. வீக்கம் வர்ற வரைக்கும் காத்திருக்காதீங்க.
2. வீங்கிடுச்சுன்னா கையை தலைக்கு மேல சில நிமிஷம் தூக்கி வெச்சு, குளிர்ந்த தண்ணியில நனைச்சு, சோப்போ தேங்காய் எண்ணெயோ தடவி மெதுவா சுத்திச் சுத்தி எடுங்க.
3. வரலைன்னா நூல் வழி. நூலோட ஒரு முனையை மோதிரத்துக்கு அடியில விட்டு, மறுமுனையை மோதிரத்துல இருந்து முட்டி தாண்டுற வரைக்கும் நெருக்கமா சுத்துங்க. அடியில விட்ட முனையைப் பிடிச்சு பிரிச்சுட்டே வந்தா மோதிரம் நகர்ந்து வரும். காயமோ எலும்பு முறிவோ இருந்தா இதைச் செய்யக்கூடாது.
4. விரல் நீலமாவோ வெளுத்தோ போச்சு, மரத்துப் போச்சுன்னா வீட்டு வைத்தியம் வேண்டாம். உடனே ஆஸ்பத்திரி. தீயணைப்பு நிலையத்துலயும் மோதிரத்தை வெட்டி எடுத்து விடுறாங்க, 101-க்கு போன் பண்ணுங்க. டங்ஸ்டன், டைட்டானியம்னா போனதுமே உலோகத்தோட பேரைச் சொல்லிடுங்க, நேரம் மிச்சம்.

இன்னைக்கு ராத்திரி ஒரு சின்ன டெஸ்ட்: போட்டிருக்கிற மோதிரத்தை சோப்பு இல்லாம கழட்டிப் பாருங்க. வரலைன்னா இந்த வார இறுதியிலேயே நகைக்கடைக்குப் போய் சைஸ் மாத்திடுங்க. கல்யாணம் நிச்சயமான நண்பர் யாராவது இருந்தா, அவர் மோதிரம் ஆர்டர் கொடுக்கிறதுக்கு முன்னாடி இதை ஷேர் பண்ணுங்க.