சிரிப்பு நின்றுபோனால் காத்திருக்காதீர்கள்



எங்கள் மருத்துவ உதவிப் பிரிவுக்கு வரும் இளம் தாய்மார்கள் பெரும்பாலும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். "ராத்தா, பிள்ளைக்கு அஞ்சு மாசம் ஆச்சு, இன்னும் குப்புற விழலியே?" பக்கத்து வீட்டுப் பிள்ளை நாலாம் மாதத்திலேயே விழுந்திருக்கும். இல்லையென்றால் மாமியார் தன் மகன் காலத்துக் கதையைச் சொல்லியிருப்பார். இப்படி வருகிறவர்களில் பலரும் கவலைப்படத் தேவையில்லாதவர்கள். கவலைப்பட வேண்டிய விஷயம் வேறு இருக்கிறது. அதை யாரும் கேட்பதில்லை என்பதால்தான் இந்தக் கட்டுரை.

மாதக் கணக்கை முதலில் பார்த்துவிடுவோம். ஆறு வாரம் முதல் இரண்டு மாதத்துக்குள் குழந்தை நம் முகத்தைப் பார்த்துச் சிரிக்கும். மூன்று, நான்கு மாதத்தில் தலை நிற்கும். நான்கிலிருந்து ஆறுக்குள் குப்புற விழும். ஆறில் பிடித்து வைத்தால் உட்காரும், எட்டு ஒன்பதில் தானாக உட்காரும். ஒன்பது வாக்கில் புது ஆளைக் கண்டால் அழும். ஒரு வயதையொட்டிப் பிடித்துக்கொண்டு நிற்கும், "உம்மா", "வாப்பா" என்று ஒரு சொல்லாவது வரும். நடை 18 மாதம் வரைக்கும் தள்ளிப் போகலாம். சில குழந்தைகள் தவழாமலேயே எழுந்து நடந்துவிடும். அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2022இல் தன் பட்டியலைத் திருத்தியபோது தவழுதலையே எடுத்துவிட்டது. குறைமாதக் குழந்தைக்குப் பிறந்த தேதியிலிருந்து எண்ணக் கூடாது. டாக்டர் குறித்துக் கொடுத்த பிரசவத் தேதியிலிருந்து எண்ண வேண்டும்.

மூன்று மாதம் முடிந்தும் முகம் பார்த்துச் சிரிக்காவிட்டாலும், ஐந்து மாதத்தில் தலை நிற்காவிட்டாலும், பத்து மாதத்தில் உட்காராவிட்டாலும் குழந்தை நல மருத்துவரிடம் காட்டுங்கள். ஒரு கையை மட்டும் எப்போதும் மூடியே வைத்திருந்தாலும் காட்ட வேண்டும். இவையெல்லாம் தாமதம் சம்பந்தப்பட்டவை. இரண்டு நாள் முன்பின் ஆனாலும் பரவாயில்லை.

ஆனால், வந்தது போய்விட்டால் அது வேறு கதை. சிரித்துக்கொண்டிருந்த குழந்தை சிரிப்பதை நிறுத்திவிட்டது, நின்ற தலை மறுபடி தொங்குகிறது, முகம் பார்த்த கண் இப்போது எங்கோ பார்க்கிறது என்றால் எந்த மாதமானாலும் அதைத் தாமதம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

இதை வலிப்போடு சேர்த்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. நமதூரில் குழந்தையைத் தூக்கிக்கொண்டு நள்ளிரவில் ஆஸ்பத்திரிக்கு ஓடும் காரணங்களில் ஒன்று ஜன்னி. காய்ச்சலில் உடம்பு விறைத்து, கண் மேலே செருகி, கைகால் வெட்டி இழுக்கும். பார்த்தவர்களுக்கு உயிரே போய்விடும். ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரையுள்ள குழந்தைகளில் நூற்றுக்கு இரண்டு முதல் ஐந்து பேருக்கு இது வரும். பெரும்பாலும் ஓரிரு நிமிடங்களில் தானே நின்றுவிடும், மூளைக்கும் புத்திக்கும் கெடுதல் செய்வதில்லை. குழந்தையை ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், கடிகாரத்தைப் பாருங்கள். ஐந்து நிமிடத்தைத் தாண்டினால் 108ஐக் கூப்பிடுங்கள். கையில் சாவிக்கொத்தைத் திணிப்பதும், பல்லுக்கிடையில் கரண்டி வைப்பதும், வாயில் தண்ணீர் ஊற்றுவதும் வேண்டாம். முதல் தடவை என்றால் நின்ற பிறகும் ஆஸ்பத்திரிக்குப் போகத்தான் வேண்டும். மூளைக்காய்ச்சல் இல்லை என்று உறுதி செய்ய, சிறு குழந்தைகளுக்கு முதுகிலிருந்து நீர் எடுக்கச் சொல்லலாம். கால் விளங்காமல் போய்விடும் என்று பயந்து கையெழுத்துப் போட்டுவிட்டுத் திரும்பி வருகிறவர்கள் இருக்கிறார்கள். தண்டுவடம் முடிந்த இடத்துக்குக் கீழேதான் அந்த ஊசியைப் போடுகிறார்கள்.

ஆக, நம்மைக் கதறவைக்கும் அந்த வலிப்பு பெரும்பாலும் ஆபத்தில்லாதது. ஆபத்தானது வேறொன்று. அது வலிப்பு மாதிரியே தெரியாது.

தூங்கி எழுந்த குழந்தை திடீரென்று தலையை முன்னால் குனியும், இரண்டு கையையும் விரிக்கும் அல்லது மடக்கும், முழங்கால் வயிற்றை நோக்கி வரும். ஒரு வினாடி, இரண்டு வினாடி, அவ்வளவுதான். சில வினாடி கழித்து அதே போல இன்னொன்று, பிறகு இன்னொன்று. இப்படிப் பத்து இருபது வந்து ஓயும். காய்ச்சல் இருக்காது. நான்கு மாதம் முதல் ஏழு மாதத்துக்குள் தொடங்குவதுதான் அதிகம். இங்கிலாந்தில் வில்லியம் ஜேம்ஸ் வெஸ்ட் என்ற மருத்துவர் 1841இல் தன் சொந்த மகனுக்கு வந்த இதைப் பற்றி ஒரு மருத்துவ இதழுக்குக் கடிதம் எழுதினார். அந்தக் குழந்தைக்கு நான்கு மாதத்தில் தலை லேசாகக் குனிவதாகத்தான் ஆரம்பித்திருக்கிறது. பல் முளைப்பதால் இருக்குமென்று ஈறைக் கீறியும் பார்த்தார்கள், அட்டை விட்டும் பார்த்தார்கள், பலனில்லை. குனிந்து சலாம் சொல்வது போலிருப்பதால் அந்தக் கால மருத்துவர்கள் இதற்குச் 'சலாம் வலிப்பு' என்றே பெயர் வைத்தார்கள். இன்றைக்கு வெஸ்ட் நோய்க்குறி என்பார்கள்.

எங்களிடம் உதவிக்கு வந்த ஒரு குடும்பத்தில் ஏழு மாதக் குழந்தைக்கு இது இருந்தது. கனவு கண்டு உதறுகிறது என்று உம்மம்மா நினைத்தார். ஓதிப் பார்த்தார்கள். காட்டிய இடத்தில் வாயு என்று சொட்டு மருந்து கொடுத்தார்கள். ஐந்து வாரம் இப்படியே போனது. கடைசியில் சபரில் இருக்கும் வாப்பாதான் வாட்ஸ்அப்பில் பார்த்துவிட்டு, "பிள்ளை என்னைப் பார்த்து இப்ப சிரிக்கிறதே இல்லையே" என்று கேட்டிருக்கிறார். கூடவே இருப்பவர்கள் கண்ணுக்குப் படாதது தூரத்திலிருப்பவர் கண்ணில் பட்டது. அவர் எடுக்கச் சொன்ன வீடியோவை நரம்பியல் மருத்துவரிடம் காட்டியதும் அன்றைக்கே அட்மிட் செய்தார்கள். மருந்து தொடங்கி இரண்டாம் வாரத்தில் வெட்டு நின்றது, சிரிப்பும் திரும்பி வந்தது. உட்காருவது மட்டும் இன்னும் சரியாக வரவில்லை, வாரம் மூன்று நாள் பயிற்சிக்குக் கூட்டிப் போகிறார்கள்.

ஓதிப் பார்ப்பதை நாங்கள் தடுக்கவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியிலும் ஓதலாம். தாமதம்தான் கூடாது. வெட்டு தொடரும் ஒவ்வொரு வாரமும் மூளை வளர்ச்சியைப் பாதிக்கிறது. சீக்கிரம் மருந்து கொடுத்தால் பலன் கூடுதல். ஸ்டீராய்டு, ஏ.சி.டி.எச். ஊசி, விகாபாட்ரின் என்று இதற்குத் தனி மருந்துகள் இருக்கின்றன. அவற்றை டாக்டர் சொல்லாமல் பாதியில் நிறுத்தக் கூடாது.

குழந்தை உதறுவதெல்லாம் இதுவல்ல. கதவு சாத்தும் சத்தத்துக்கு ஒரு தடவை தூக்கிவாரிப் போடுவது சாதாரணம், அதுவும் நாலைந்து மாதத்தில் குறைந்துவிடும். வயிற்றுவலியில் அழுகிற குழந்தை காலை மடக்கிக்கொண்டே அழும், ஆனால் சீரான இடைவெளியில் ஒரே மாதிரி திரும்பத் திரும்ப வராது. பிறந்தவுடன் அழாத குழந்தை, பிறந்த நாட்களில் சர்க்கரை குறைந்து கண்ணாடிப் பெட்டியில் வைக்கப்பட்ட குழந்தை, தோலில் இலை வடிவில் வெளிறிய திட்டுகள் உள்ள குழந்தை ஆகியோரின் வீட்டார் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். எந்தப் பிரச்சினையுமில்லாமல் பிறந்த குழந்தைக்கும் இது வரலாம்.

சந்தேகம் வந்தால் போனில் வீடியோ எடுங்கள். தூங்கி எழும் நேரத்தில், போர்வையை விலக்கி, முகமும் இரண்டு கையும் தெரியும்படி, ஒரு வெட்டு முடிந்ததும் நிறுத்திவிடாமல் இரண்டு நிமிடம் தொடர்ந்து எடுக்க வேண்டும். டாக்டர் முன்னால் குழந்தை உதறிக் காட்டப் போவதில்லை. வாயால் சொன்னால் "வெட்டி இழுக்குது" என்பதற்கு மேல் நமக்கும் சொல்லத் தெரியாது. அந்த வீடியோவோடு அன்றே, முடியாவிட்டால் மறுநாளே குழந்தை நல மருத்துவரைப் பாருங்கள். இ.இ.ஜி. பரிசோதனை எழுதிக் கொடுப்பார்கள். மூளையின் மின் அலைகளைத் தலையில் ஒட்டும் வயர்கள் மூலம் பதிவு செய்வது அது, ஊசி இல்லை, வலி இல்லை. அதற்குப் போகும்போது குழந்தையின் தலைக்கு எண்ணெய் வைக்காமல், முந்தின நாளே குளிப்பாட்டிக் கூட்டிப் போங்கள். தூக்கத்திலும் பதிவு செய்ய வேண்டியிருக்கும் என்பதால் போகிற வழியில் ஆட்டோவில் தூங்கவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.