கிரிப்டோ நாணயம்: சாவி யார் கையில்?



இன்றைய தலைப்பை நாங்கள் அறிவித்த நாளிலிருந்து வந்த கேள்விகளில் பெரும்பாலானவை ஒரே கேள்விதான். "இப்போது வாங்கலாமா, இன்னும் இறங்கட்டும் என்று காத்திருக்கலாமா?" நான் படித்தது மக்கள் தொடர்பியல் பட்டயம், ஜோதிடம் அல்ல. விலை ஏறும், இறங்கும் என்று அடித்துச் சொல்கிறவர் யாராவது உங்களுக்கு அகப்பட்டால், அவரிடமிருந்து இரண்டடி தள்ளி நிற்பது நல்லது.

நான் பேச வந்தது ஏற்கெனவே கொஞ்சம் வாங்கி வைத்திருப்பவர்களைப் பற்றி. தேசிய சேவையில் இருக்கும் மகன், அலுவலகத்தில் வேலை பார்க்கும் மருமகள், சின்னக் கடை நடத்தும் அண்ணன் என்று நம் குடும்பங்களில் இப்போது பலர் ஐந்நூறு வெள்ளியோ ஐயாயிரம் வெள்ளியோ இதில் போட்டு வைத்திருக்கிறார்கள். அவர்களிடம் "எவ்வளவு வைத்திருக்கிறீர்கள்?" என்று கேட்டால் கைத்தொலைபேசியைத் திறந்து காட்டுவார்கள். "அது எங்கே இருக்கிறது?" என்று கேட்டால் விழிப்பார்கள். இன்றைய பேச்சு அந்த இரண்டாவது கேள்வியைப் பற்றியது.

முதலில் சுருக்கமாக அடிப்படை. 2008 அக்டோபரில் சத்தோஷி நக்கமோத்தோ என்ற புனைபெயரில் ஒருவரோ பலரோ வெளியிட்ட கட்டுரையிலிருந்து பிறந்தது பிட்காயின். 2009 ஜனவரி 3-ஆம் தேதி அதன் முதல் பதிவு உருவானது. எல்லாரும் பார்க்கக்கூடிய ஒரு பொதுப் பேரேடு. எந்த முகவரியிலிருந்து எந்த முகவரிக்கு எவ்வளவு போனது என்பதை உலகெங்கும் உள்ள ஆயிரக்கணக்கான கணினிகள் ஒரே மாதிரி எழுதி வைத்துக் கொள்கின்றன. மொத்தமே 2 கோடியே 10 லட்சம் பிட்காயின்தான் வெளிவரும். ஒரு பிட்காயினைப் பத்துக் கோடிப் பங்காகப் பிரிக்கலாம் என்பதால் இருபது வெள்ளிக்கும் வாங்க முடிகிறது. 2010 மே மாதம் அமெரிக்காவில் ஒருவர் 10,000 பிட்காயின் கொடுத்து இரண்டு பீட்சா வாங்கியது இந்த உலகத்தின் பழங்கதை. அவரைப் பார்த்துப் பலரும் சிரிக்கிறார்கள். என்னைக் கேட்டால், இதை உண்மையாகவே பணமாகப் பயன்படுத்திப் பார்த்தவர் அவர்தான்!

இந்தப் பேரேட்டில் உங்கள் பெயர் இருக்காது, முகவரிதான் இருக்கும். அந்த முகவரியிலிருந்து நாணயத்தை நகர்த்த ஓர் இரகசிய எண் வேண்டும். அதைத்தான் சாவி என்கிறோம். சாவி யாரிடம் இருக்கிறதோ நாணயம் அவருடையது. அடையாள அட்டையைக் காட்டி வாதாட அங்கே முகப்பும் இல்லை, அதிகாரியும் இல்லை.

தேக்காவில் ஒரு நகைக்கடைக்குப் போய் ஐந்து பவுன் சங்கிலி வாங்குகிறீர்கள் என்று வைத்துக் கொள்ளுங்கள். பணத்தைக் கட்டிவிட்டு, "சங்கிலி உங்களிடமே இருக்கட்டும், என் பெயரை நோட்டில் எழுதி வையுங்கள்" என்று சொல்லிவிட்டு வெறும் கையோடு வீட்டுக்கு வருவீர்களா? கிரிப்டோ பரிமாற்றத் தளத்தில் வாங்கி அங்கேயே வைத்திருப்பவர் செய்வது அதுதான். திரையில் தெரியும் எண், நோட்டில் எழுதிய எழுத்து. சாவி கடைக்காரரிடம் இருக்கிறது.

கடைக்காரர் நல்லவராகவே இருக்கலாம். ஆனால் கடை மூடப்பட்டால் என்ன ஆகும்? ஜப்பானில் இயங்கிய மவுண்ட் காக்ஸ் தளம் 2014 பிப்ரவரியில் விழுந்தபோது ஏறத்தாழ 8,50,000 பிட்காயின் காணவில்லை என்றது. அதன் வாடிக்கையாளர்களுக்கு நாணயம் திரும்பக் கிடைக்கத் தொடங்கியது 2024 ஜூலையில்தான். பத்து ஆண்டுகள்! நம் ஊரிலும் நடந்தது. வட்டி தருவதாகச் சொல்லிக் கிரிப்டோ நாணயங்களைப் பெற்ற ஹோட்ல்நாட் நிறுவனம் 2022 ஆகஸ்டில் வாடிக்கையாளர்கள் பணம் எடுப்பதை நிறுத்தியது. அதே ஆண்டு நவம்பரில் எஃப்டிஎக்ஸ் சரிந்தது. அதில் முதலீடு செய்திருந்த நமது தெமாசெக் நிறுவனமே 27 கோடியே 50 லட்சம் அமெரிக்க டாலரைக் கணக்கிலிருந்து தள்ளுபடி செய்தது. எஃப்டிஎக்ஸ் வாடிக்கையாளர்களின் உரிமைத் தொகை, தளம் விழுந்த நாளில் இருந்த டாலர் விலைப்படி கணக்கிடப்பட்டது. அப்போது பிட்காயின் மிகத் தாழ்ந்திருந்த நேரம். பின்னர் ஏறிய ஏற்றம் அவர்களுக்குச் சேரவில்லை. நோட்டில் எழுத்து வைத்திருப்பதற்கும் சங்கிலியைக் கழுத்தில் போட்டிருப்பதற்கும் உள்ள வித்தியாசம் இது.

அதன் பிறகு சிங்கப்பூர் நாணய ஆணையம் விதிகளை இறுக்கியிருக்கிறது. இங்கே உரிமம் பெற்ற தளங்கள் வாடிக்கையாளரின் நாணயங்களைத் தங்கள் சொத்துடன் கலக்காமல் தனியே வைத்திருக்க வேண்டும். எந்த நிறுவனத்துக்கு உரிமம் இருக்கிறது என்பதை ஆணையத்தின் இணையத்தளத்தில் எவரும் பார்க்கலாம். விளம்பரத்தை நம்புவதற்கு முன் அந்த இரண்டு நிமிட வேலையைச் செய்யுங்கள். ஆனாலும் ஒன்றை மறந்துவிடலாகாது. வங்கியில் நீங்கள் போடும் பணத்துக்கு ஒரு வங்கியில் ஒருவருக்கு 1,00,000 வெள்ளி வரை வைப்புத்தொகைக் காப்புறுதி உண்டு. கிரிப்டோவுக்கு அது இல்லை.

சரி, சாவியை நாமே வைத்துக் கொள்ளலாமே என்று கேட்பீர்கள். வைத்துக் கொள்ளலாம். கைத்தொலைபேசிச் செயலியாகவும் உண்டு, பென் டிரைவ் போன்ற சிறு கருவியாகவும் உண்டு. கருவி பாதுகாப்பானது, ஏனென்றால் சாவி அதை விட்டு வெளியே வருவதில்லை. முதன்முறை தொடங்கும்போது அது 12 அல்லது 24 ஆங்கிலச் சொற்களைக் காட்டும். மொத்தம் 2,048 சொற்கள் கொண்ட ஒரு பட்டியலிலிருந்து எடுக்கப்படும் சாதாரணச் சொற்கள்தான். கருவி உடைந்தாலும் தொலைந்தாலும் வேறொரு கருவியில் இந்தச் சொற்களை அதே வரிசையில் இட்டால் நாணயம் திரும்பி வந்துவிடும். ஆக, கருவி தொலைந்தால் கவலை இல்லை. சொற்கள் தொலைந்தால் எல்லாம் தொலைந்தது. சொற்கள் வேறொருவர் கண்ணில் பட்டாலும் எல்லாம் தொலைந்தது.

எனவே தாளில் கையால் எழுதுங்கள். அந்தப் பட்டியலில் முதல் நான்கு எழுத்து ஒன்றாக உள்ள இரு சொற்கள் கிடையாது. ஆகவே எழுத்து சற்று அழிந்தாலும் முதல் நான்கு எழுத்து தெளிவாக இருந்தால் போதும். தயவுசெய்து படம் பிடித்து வைக்காதீர்கள். கைத்தொலைபேசியில் உள்ள படங்களைத் துழாவி இந்தச் சொற்களைத் தேடியெடுக்கும் ஒரு தீய மென்பொருளை 2025 பிப்ரவரியில் காஸ்பர்ஸ்கி நிறுவனம் கண்டுபிடித்துச் சொன்னது. அது ஆப்பிள், கூகல் இரண்டின் அதிகாரபூர்வச் செயலிக் கடைகளிலும் புகுந்திருந்தது. மலிவாகக் கிடைக்கிறதே என்று பயன்படுத்திய கருவியையும் வாங்காதீர்கள். சொற்கள் ஏற்கெனவே எழுதப்பட்ட அட்டையுடன் ஒரு கருவி வந்தால், சாவியின் மறுபிரதி விற்றவரிடம் இருக்கிறது என்று பொருள்.

வீட்டில் வைத்திருப்பதற்கும் ஆபத்து உண்டு. பிரிட்டனின் வேல்ஸ் பகுதியில் நியூபோர்ட் என்ற ஊரில் ஜேம்ஸ் ஹவெல்ஸ் என்பவரின் சாவி இருந்த வன்தட்டு 2013-இல் குப்பையோடு போய்விட்டது. அதில் ஏறத்தாழ 8,000 பிட்காயின். குப்பைமேட்டைத் தோண்ட அனுமதி கேட்டு அவர் போட்ட வழக்கை நீதிமன்றம் 2025 ஜனவரியில் தள்ளுபடி செய்தது.

அனுப்பும்போதும் கவனம் வேண்டும். தவறான முகவரிக்குப் போனது திரும்பி வராது. நீங்கள் நகலெடுத்த முகவரியை ஒட்டும் நேரத்தில் மாற்றிவிடும் மென்பொருள்கள் உள்ளன. உங்கள் முகவரியைப் போலவே முதலும் கடைசியும் உள்ள முகவரியிலிருந்து சில்லறை அனுப்பி, பழைய பட்டியலிலிருந்து நீங்கள் அதைத் தவறாக நகலெடுப்பதற்காகக் காத்திருப்பவர்களும் உள்ளனர். முதலில் இருபது வெள்ளி அளவு அனுப்பிப் பாருங்கள்; போய்ச் சேர்ந்ததும் மீதியை அனுப்புங்கள். கணினித் திரையை நம்பாமல் கருவியின் சிறு திரையில் தெரியும் முகவரியைப் படியுங்கள். 2025 பிப்ரவரியில் பைபிட் என்ற பெரிய தளத்திலிருந்து ஏறத்தாழ 150 கோடி அமெரிக்க டாலர் மதிப்புள்ள நாணயம் களவு போனதே, அங்கே கையெழுத்திட்டவர்களின் திரையில் எல்லாம் சரியாகத்தான் தெரிந்தது. திரையின் பின்னால் நடந்தது வேறு. அந்தத் திருட்டை வடகொரியா செய்ததாக அமெரிக்காவின் எஃப்பிஐ கூறியது.

ஊருக்குப் பணம் அனுப்ப இது உதவுமா என்று கட்டுமானத் துறையில் வேலை செய்யும் தம்பி ஒருவர் கேட்டிருந்தார். என் கருத்து, வேண்டாம் தம்பி. இந்தியாவில் 2022 முதல் கிரிப்டோ லாபத்துக்கு 30 விழுக்காடு வரி, விற்கும் தொகையில் 1 விழுக்காடு பிடித்தம். முன்பின் தெரியாதவரிடம் விற்று ரூபாய் வாங்கப் போய், அந்தப் பணம் மோசடிப் பணமாக இருந்ததால் வங்கிக் கணக்கு முடக்கப்பட்டவர்களும் இருக்கிறார்கள். 2023 பிப்ரவரியில் பேநவ்-யுபிஐ இணைப்பு வந்த பிறகு, ஊருக்கு அனுப்பக் கைத்தொலைபேசி எண்ணே போதுமானதாகிவிட்டது.

வாங்கி விற்பது பற்றி நீட்டிப் பேச எனக்கு விருப்பமில்லை. ஒரே கணக்கைச் சொல்கிறேன். 2021 நவம்பரில் பிட்காயின் விலை 69,000 அமெரிக்க டாலரை நெருங்கியது. ஓராண்டில் 16,000-க்கும் கீழே இறங்கியது. பழைய இடத்துக்கு வர நான்கு மடங்குக்கு மேல் ஏற வேண்டும். ஏறவும் செய்தது, 2024 டிசம்பரில் 1,00,000 டாலரைத் தாண்டியது. ஆனால் கடன் வாங்கிப் போட்டவரால் அந்த இடைக்காலத்தைத் தாங்கியிருக்க முடியுமா? பத்து மடங்கு கடனோடு வாங்கியவருக்கு விலை பத்து விழுக்காடு இறங்கினாலே முதல் போய்விடும். பத்து விழுக்காடு என்பது இந்தச் சந்தையில் ஒரு வாரச் சங்கதி. சில்லறை வாடிக்கையாளர்களுக்குக் கடன் கொடுத்து வாங்க வைக்கக் கூடாது, உள்ளூர்க் கடன் அட்டையை ஏற்கக் கூடாது என்று நாணய ஆணையம் 2023 நவம்பரில் அறிவித்ததன் காரணம் இதுதான். "இங்கே முடியாது, வெளிநாட்டுத் தளத்தில் முடியும்" என்று சொல்லித் தரும் நண்பரின் பேச்சைக் கேட்காதீர்கள்.

இனி, நான் முக்கியமாகச் சொல்ல விரும்புவது. சில வாரங்களுக்கு முன் ஒரு மாது எங்கள் நிலையத்துக்குத் தொலைபேசியில் பேசினார். கணவர் திடீரென்று மாரடைப்பில் காலமாகிவிட்டார். "அவர் ஏதோ காயின் வாங்கியிருக்கேன்னு சொன்னாரு. எங்கே, எவ்வளவுன்னு தெரியாது. பிள்ளை படிப்புக்குன்னு சொன்னாரு" என்றார். அந்தக் காசு இருக்கிறதா இல்லையா என்பதே அவருக்குத் தெரியவில்லை.

கணவர் இங்குள்ள உரிமம் பெற்ற தளத்தில் வைத்திருந்தால் வழி உண்டு. அவருடைய வங்கிக் கணக்கு அறிக்கையில் அந்த நிறுவனத்துக்குப் பணம் போன பதிவு இருக்கும். மரணச் சான்றிதழுடன், சொத்தை நிர்வகிக்க நீதிமன்றம் தரும் ஆணையையும் கொண்டு போய்க் கேட்கலாம். நாள் ஆகும். அலைச்சலும் உண்டு. ஆனால் கேட்பதற்கு ஓர் இடம் இருக்கிறது. அவரே சாவியை வைத்திருந்து, சொற்களை எழுதிய தாள் கிடைக்கவில்லை என்றால், எந்த வழக்கறிஞராலும் எந்த நீதிமன்றத்தாலும் அதைத் திறக்க முடியாது. பேரேட்டில் அந்த நாணயம் எல்லார் கண்ணுக்கும் தெரியும்படி அப்படியே கிடக்கும்.

அதனால்தான், "சாவி உன்னிடம் இல்லையென்றால் நாணயம் உன்னுடையதல்ல" என்று ஆர்வலர்கள் மந்திரம்போல் சொல்வதை நான் முழுமையாக ஏற்பதில்லை. தொகை சிறியது, வீட்டில் வேறு யாருக்கும் இது புரியாது என்றால், உரிமம் பெற்ற தளத்திலேயே விட்டு வைப்பது குடும்பத்துக்கு நல்லது என்பேன். தொகை வளர்ந்து, இழந்தால் வீடு ஆட்டம் காணும் என்ற நிலை வந்தால், சாவியை உங்கள் கைக்கு மாற்றுங்கள். அன்றைக்கே வீட்டில் ஒருவருக்குச் சொல்லுங்கள்.

எப்படிச் சொல்வது? ஒரு கடிதம் எழுதி, மத்திய சேமநிதிப் பத்திரங்களும் காப்புறுதிப் பத்திரங்களும் இருக்கும் கோப்பில் வையுங்கள். எந்தத் தளம், எந்த மின்னஞ்சல் முகவரி, கருவி எந்த அலமாரியில், அதன் ரகசிய எண் யாருக்குத் தெரியும், சொற்கள் எழுதிய தாள் எங்கே என்ற விவரம் அதில் இருக்கட்டும். சொற்களை அந்தக் கடிதத்தில் எழுதாதீர்கள். உயிலிலும் எழுதாதீர்கள், அது பலர் கைக்குப் போகும். சொற்கள் உள்ள தாள் வேறிடத்தில் இருக்க வேண்டும். அக்காள் வீட்டில் இருக்கலாம், வங்கிப் பாதுகாப்புப் பெட்டகத்தில் இருக்கலாம். "யார் கேட்டாலும், வங்கி என்று சொன்னாலும் போலிஸ் என்று சொன்னாலும், இந்தச் சொற்களைக் கொடுக்காதே" என்ற ஒரு வரியைப் பெரிய எழுத்தில் சேருங்கள். 2024-இல் சிங்கப்பூரில் மோசடிகளில் பறிபோன தொகை 110 கோடி வெள்ளி. அதில் ஏறத்தாழ கால் பங்கு கிரிப்டோவாகப் போனது. சந்தேகம் வந்தால் 1799 என்ற எண்ணை அழைத்துக் கேட்கலாம் என்பதையும் கீழே எழுதி வையுங்கள்.

அந்த மாது கணவரின் வங்கி அறிக்கைகளைத் தேடிக் கொண்டிருக்கிறார். கடைசியாகப் பேசியபோது பதினான்கு மாத அறிக்கைகளைப் பார்த்து முடித்திருந்தார்.

அரங்கில் பின் வரிசையில் ஒரு பெரியவர் நெடுநேரமாகக் கையைத் தூக்கிக் கொண்டிருக்கிறார். ஒலிவாங்கியை அவரிடம் கொடுங்கள். ஐயா, கேளுங்கள்.