இருளில் தெரியாத சைக்கிள்

அக்கரைப்பற்றிலிருந்து சாகாமம் செல்லும் வீதி விடியும் முன்னரே விழித்துவிடுகிறது. சுபஹுத் தொழுகைக்குப் பள்ளிவாசல் செல்வோரும், வயலில் தண்ணீர் பார்க்கச் செல்லும் விவசாயிகளும் அந்த இருளில் சைக்கிளை மிதிக்கின்றனர். பொத்துவில், அக்கரைப்பற்று, கல்முனை ஊடாக மட்டக்களப்புக்குச் செல்லும் ஏ4 நெடுஞ்சாலையில், இரவு டியூசன் முடிந்து வீடு திரும்பும் பிள்ளைகளையும் காணலாம். 2022ஆம் ஆண்டின் எரிபொருள் தட்டுப்பாட்டின்போது மறந்துபோன சைக்கிளைத் தூசி தட்டி எடுத்தவர்களும் பலர்.

இவர்களைச் சூழ்ந்துள்ள ஆபத்தின் வேர் ஒரு தப்பெண்ணத்தில் இருக்கிறது. எதிரே வரும் லொறியின் வெளிச்சம் சைக்கிள்காரருக்கு வெகு தூரத்திலேயே தெரிந்துவிடும். ஆகவே தானும் சாரதிக்குத் தெரிவதாக அவர் நம்பிவிடுகிறார். மணிக்கு 60 கிலோமீற்றர் வேகத்தில் வரும் வாகனம் ஒரு விநாடியில் ஏறத்தாழ 17 மீற்றர் கடக்கிறது. சாரதி கண்டு, பிரேக் பிடித்து, வாகனம் நிற்பதற்கு உலர்ந்த வீதியிலும் 40 மீற்றர் அளவில் தேவைப்படும். கறுப்பு உடை அணிந்தவரோ தாழ்த்திய வெளிச்சத்தில் 25, 30 மீற்றருக்குள் வந்த பின்னரே புலப்படுவார். எதிர்த் திசை வாகனத்தின் ஒளி கண்ணைக் கூசச் செய்யும் வேளையில் அதுவும் இல்லை.

அவுஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தினர் 2012இல் வெளியிட்ட இரவு நேர ஆய்வொன்று இங்கு கவனத்திற்குரியது. கறுப்பு உடையில் சென்ற சைக்கிள்காரரைச் சாரதிகள் அடையாளம் கண்டது 2 சதவீதமான தடவைகளில் மாத்திரமே. பளிச்சென்ற மஞ்சள் மேலங்கிக்கு 15 சதவீதம். ஒளித் தெறிப்புப் பட்டி பொருத்திய மேலங்கிக்கு 50 சதவீதம். அத்துடன் முழங்காலிலும் கணுக்காலிலும் பட்டி கட்டியபோது அது 90 சதவீதமாக உயர்ந்தது. பளிச்சிடும் மஞ்சள் நிறம் சூரியனின் புறஊதாக் கதிரால் ஒளிர்வது. இரவில் அதனால் பெரும் பயனில்லை. மேலும் கீழுமாக அசையும் கால் மிதிக்கும் மனிதனைக் காட்டிக்கொடுக்கிறது. பெடலில் பதிக்கும் தெறிப்பானும் அவ்வாறே.

தொழுகைக்கு அணியும் வெள்ளை உடை ஓரளவு உதவும். கறுப்பு அபாயா அணிந்து செல்லும் மாணவிகளுக்கு அதுவும் கிடையாது. அவர்களது புத்தகப் பையிலும் சைக்கிளின் மட்காட்டிலும் தெறிப்புப் பட்டி ஒட்டிக்கொடுப்பது பெற்றோருக்குப் பெரிய செலவாகாது.

விளக்கில்லாமல் சைக்கிள் ஓடுபவரைப் பொலிஸார் நிறுத்திய காலத்தை மூத்தவர்கள் மறந்திருக்கமாட்டார்கள். டைனமோவின் இரைச்சலோடு அந்த வழக்கமும் மறைந்துபோயிற்று. டென்மார்க்கின் ஒடென்சே நகரில் 2004ஆம் ஆண்டு நவம்பரில் தொடங்கிய பரிசோதனையொன்றில் 3,845 சைக்கிள்காரர்கள் பங்கேற்றனர். பகலிலும் எரியும் விளக்குப் பூட்டியவர்கள் சைக்கிள் விபத்தில் காயமடைந்தது 19 சதவீதம் குறைந்தது. முன்னால் வெள்ளை, பின்னால் சிவப்பு, இரண்டும் அவசியம்.

இதனால் சைக்கிள்காரர் மீது பழியைச் சுமத்திவிட முடியாது. உயர்த்திய வெளிச்சத்தைத் தாழ்த்தாத சாரதியும், பின்விளக்கில்லாத பெட்டியை இழுத்துச் செல்லும் உழவு இயந்திரமும் இதே வீதியில்தான் உள்ளனர். வீதியோரத்தில் நெல்லைக் காயப்போடுவதால் சைக்கிள் நடுவீதிக்குத் தள்ளப்படுவதையும் பிரதேச சபைகள் கவனிக்க வேண்டும்.

வயலிலிருந்து திரும்புவோர் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். கரியரில் புல்லுக்கட்டோ நெல்மூட்டையோ ஏற்றியதும் பின்னாலுள்ள சிவப்புத் தெறிப்பான் அதற்குள் மறைந்துவிடுகிறது. அப்போது மூட்டையின் மீதே ஒரு பட்டியைக் கட்டிக்கொள்ளலாம்.