ஊட்டியில் உப்பும் சிப்ஸ் பாக்கெட்... லே போனால் திணறும் மூச்சு! மலை மேலே காற்று எவ்வளவு?

மேட்டுப்பாளையத்தில் வாங்கிய சிப்ஸ் பாக்கெட், ஊட்டி போய்ச் சேர்வதற்குள் பலூன் மாதிரி உப்பிவிடும். வழியில் காதும் அடைக்கும். பாக்கெட்டுக்குள் காற்று கூடவில்லை. வெளியே அழுத்தம் குறைந்துவிட்டது, அவ்வளவுதான்.

காற்றுக்கும் எடை உண்டு. கடல் மட்டத்தில் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டர் மீதும் சுமார் 1 கிலோ காற்று அழுத்திக்கொண்டிருக்கிறது. மேலே ஏற ஏற இந்தச் சுமை குறையும். 1648-ல் பிரெஞ்சு அறிஞர் பாஸ்கல், தன் அக்கா கணவரைப் பாதரசக் குழாயோடு பூய் டி டோம் மலைக்கு அனுப்பினார். அடிவாரத்தில் இருந்ததைவிட உச்சியில் பாதரசம் 8 சென்டிமீட்டருக்கு மேல் இறங்கியிருந்தது!

கூட்டு வட்டி, தலைகீழாக!

இலவம்பஞ்சு மெத்தைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிப் பாருங்கள். அடி மெத்தை நசுங்கி இறுகிக் கிடக்கும். மேல் மெத்தை புஸ்ஸென்று இருக்கும். காற்றும் அப்படித்தான். கீழே அடர்த்தி அதிகம் என்பதால் முதல் கிலோமீட்டரில் அழுத்தம் வேகமாகக் குறைகிறது. மேலே போகப் போக, குறையும் அளவும் குறைகிறது.

கணக்கு எளிது. ஒவ்வொரு 1,000 மீட்டருக்கும், கையில் மிச்சம் இருப்பதில் சுமார் 12 சதவிகிதம் போய்விடும். 100, 88, 77, 68, 60... முதலில் இருந்த நூறிலிருந்தே ஒவ்வொரு முறையும் 12-ஐக் கழித்தால், எவரெஸ்ட் உச்சிக்கு முன்பே காற்று தீர்ந்திருக்கும்! மிச்சத்தில் குறைவதால்தான் அது தீர்வதே இல்லை. கணிதத்தில் இதற்கு அடுக்குக்குறிச் சார்பு என்று பெயர்.

இந்தக் கணக்குப்படி, கடல் மட்டத்தை 100 என்று வைத்தால்:

ஊட்டி (2,240 மீ.) – 75
லே (3,500 மீ.) – 64
கர்துங் லா கணவாய் (5,359 மீ.) – 50
எவரெஸ்ட் (8,849 மீ.) – 32

1981-ல் அமெரிக்க மருத்துவர் கிறிஸ்டோபர் பிஸோ எவரெஸ்ட் உச்சியில் அழுத்தத்தை அளந்தபோது கிடைத்தது, கடல் மட்டத்தில் இருப்பதில் சுமார் 33 சதவிகிதம். நம் கைக்கணக்கு கிட்டத்தட்ட சரி! வெப்பநிலையைப் பொறுத்துக் கொஞ்சம் முன்னே பின்னே ஆகலாம்.

லடாக் டூர் போகிறீர்களா?

மலையிலும் காற்றில் ஆக்சிஜன் 21 சதவிகிதம்தான். ஆனால், லேயில் இழுக்கும் ஒரு மூச்சில் நம்மூரில் கிடைப்பதில் மூன்றில் இரண்டு பங்குகூட வராது. விமானத்தில் போய் இறங்குகிறவர்களுக்கு இந்த மாற்றம் ஒன்றிரண்டு மணி நேரத்தில் நடந்துவிடும். உடம்பு பழக அவகாசமே கிடைக்காது.

எனவே, முதல் இரண்டு நாள்கள் ஓய்வு. மது வேண்டாம். 'பெரியவங்களுக்குத்தான் ஆகாது, எனக்கென்ன' என்று நினைக்க வேண்டாம். திடகாத்திரமான இளைஞர்களுக்கும் வரும். 3,000 மீட்டருக்கு மேல், இரவு தூங்கும் இடத்தின் உயரத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டாதீர்கள். இதய, நுரையீரல் பிரச்னை உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் கிளம்பும் முன்பே டாக்டரைக் கேட்டுவிடுங்கள்.

தலைவலி, குமட்டல் வந்தால் மேலே ஏறாதீர்கள். சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்குகிறதா, நடை தள்ளாடுகிறதா, பேச்சு குழறுகிறதா? காலை வரை காத்திருக்காமல் உடனே கீழே இறங்கி, மருத்துவ உதவி பெறுங்கள். 1,000 மீட்டர் இறங்கினால், ஒவ்வொரு மூச்சிலும் 13 சதவிகிதத்துக்கு மேல் கூடுதல் காற்று கிடைக்கும். உயிரைக் காக்க அதுவே போதுமானதாக இருக்கலாம்!