ரத்தக்குழாயோடு பேரம் பேசும் புற்று

ஆத்தூர் வெற்றிலைக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டைத் தாண்டி, தாமிரபரணி கடலைச் சேருமுன் பாயும் மண்ணில் கொடிக்கால் போட்டு வளர்க்கும் வெற்றிலை. காரம் தூக்கலாக இருக்கும். திருநெல்வேலிப் பக்கம் கல்யாணமோ கோயில் கொடையோ அது இல்லாமல் நடக்காது. வாய்ப்புற்றின் பழியை இந்த இலை மேல் போடுவது அநியாயம். குற்றவாளிகள் அதற்குள் மடிக்கப்படும் பாக்கும் புகையிலையும். புகையிலை சேராவிட்டாலும் பாக்கே புற்றை உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004-இல் அறிவித்தது.

உள்கன்னத்திலோ நாக்கின் ஓரத்திலோ தொடங்கும் கட்டி ஒன்றிரண்டு மில்லிமீட்டரைத் தாண்டி வளர, அதற்கென்று ரத்தக்குழாய் வேண்டும். பாஸ்டன் அறுவை மருத்துவர் ஜூடா ஃபோக்மன் 1971-இல் இதைச் சொன்னபோது பலர் நம்பவில்லை. ஆக்சிஜன் போதாத கட்டி ‘விஇஜிஎஃப்’ என்ற புரதத்தைச் சுரக்கிறது. அது வரும் திசை நோக்கிப் பக்கத்து ரத்தக்குழாய் கிளை விடுகிறது. ஆற்றுக்கால்வாயிலிருந்து தன் வயலுக்கு ஒருவர் திருட்டு மடை வெட்டிக்கொள்வது மாதிரி.

கதை அதோடு முடியவில்லை. கட்டிக்குள் எல்லாச் செல்லும் ஒன்றல்ல. சிறு கூட்டம் ஒன்று ஸ்டெம் செல்லின் குணத்தோடு இருக்கிறது. மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் ழாக் நோரின் குழு, தலை, கழுத்துப் பகுதிக் கட்டிகளிலிருந்து அவற்றைப் பிரித்து எலிகளுக்குள் வைத்துப் பார்த்தது. அப்படிப்பட்ட 1,000 செல்களை வைத்த 15 இடங்களில் 13-இல் கட்டி வந்தது. மற்றச் செல்களில் 10,000 வைத்தும் 15-இல் இரண்டுதான்.

2010-இல் வெளியான அதே ஆய்வில் இன்னொன்றும் தெரிந்தது. மனிதக் கட்டிகளில் இந்தச் செல்களில் 80 சதவீதம் ரத்தக்குழாயிலிருந்து 100 மைக்ரோமீட்டருக்குள், ஏறத்தாழ ஒரு தலைமுடியின் தடிமனுக்குள், குடியிருந்தன. சும்மா ஒட்டிக்கொண்டு இல்லை. இவை குழாயை வளரச் சொல்கின்றன. குழாய்ச் சுவரின் செல்களோ இன்டர்லூகின்-6 போன்ற புரதங்களைச் சுரந்து, இவை சாகாமலும் குணம் மாறாமலும் பார்த்துக்கொள்கின்றன. எலிகளில் குழாய்ச் செல்களை மட்டும் குறிவைத்து அழித்தபோது ஸ்டெம் செல்களின் பங்கும் குறைந்தது.

அப்படியானால் குழாயை அடைத்துவிட்டால் போதுமே? விஇஜிஎஃப்பைத் தடுக்கும் பெவாசிசுமாப் மருந்தை, முற்றிய தலை, கழுத்துப் புற்றுள்ள 403 பேரிடம் அமெரிக்காவில் சோதித்தார்கள். 2019-இல் வந்த முடிவு ஏமாற்றம்: கீமோவோடு சேர்த்தும் ஆயுள் உறுதியாக நீளவில்லை, ரத்தப்போக்கும் கூடியது. தண்ணீரை நிறுத்தும் மருந்தைவிட, ஸ்டெம் செல்லுக்கும் குழாய்க்கும் நடக்கும் பேச்சை அறுக்கும் மருந்தே இனி தேடத்தக்கது என்று தோன்றுகிறது. மூட்டுவாதத்துக்கும் கொரோனாவுக்கும் கொடுத்த டோசிலிசுமாப், இன்டர்லூகின்-6 போய்ச் சேரும் வாசலை அடைக்கும். நோரின் குழு 2014-இல் எலிகளில் அதனால் கட்டி முளைப்பதையே தடுத்துக் காட்டியது. ஆனால் பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரிக்குப் போனாலும் சென்னை அடையாறு புற்றுநோய் ஆஸ்பத்திரிக்குப் போனாலும், வாய்ப்புற்றுக்கு இன்றைக்கும் முதல் வைத்தியம் கத்திதான்.

புற்றின் குழாய் வளர்ச்சியைத் தடுக்கும் வழியில் தமிழ்நாட்டிலும் வேலை நடந்திருக்கிறது. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் எஸ். நாகினியின் குழு, வேம்பிலுள்ள நிம்போலைடு, அசாடிராக்டின் ஆகியவை ஹாம்ஸ்டரின் கன்னப்பையில் புற்றையும் புதுக் குழாய் வளர்ச்சியையும் கட்டுப்படுத்துவதை 2009-இல் பதிவு செய்தது. வேப்பங்கொழுந்து மென்றால் போதும் என்று கிளம்பிவிட வேண்டாம். அங்கே கொடுத்தது பிரித்தெடுத்து அளந்த வேதிப்பொருள். உண்டதும் மனிதர் அல்ல.